பல்லுக்காரர் வரி கட்டிய நாள்

சின்னவளுக்கு அன்று காலை பத்தரை மணிக்கு வந்த சந்தோஷம் மதியம் ஒன்றரை மணிக்குக் காணாமல் போய், இரண்டே முக்காலுக்குத் திரும்பி வந்தது. இடைப்பட்ட நேரத்தில் அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பெயர்தான் சின்னவள். இன்னும் ஐந்து வாரத்தில் ஐம்பது வயது நிறையப் போகிறது. இரட்டைப் பிள்ளைகளில் பதினோரு நிமிடம் பிந்திப் பிறந்தவள் என்பதால் வீட்டில் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. முந்திப் பிறந்தவள் பெரியவள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள். அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து ஒன்பது வருடம் ஆகிறது. தினம் போனில் பேசுகிறார்கள்தான். ஆனால் போனில் பேசுவது வேறு, ஒரே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவது வேறு. ஐம்பதாவது பிறந்த நாளன்றாவது ஒரே அறையில் இருந்துவிட வேண்டும் என்று இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள்.

குறுக்கே நின்றது பணம் என்றால் அது பாதி உண்மை. மீதிப் பாதி பல்லுக்காரர்.

பல்லுக்காரர் சின்னவளின் கணவர். பல் வைத்தியர் அல்ல. வைத்தியர்கள் எடுத்தனுப்பும் வாயின் அச்சைப் பார்த்துப் பல் செட் செய்பவர். வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவருடைய பட்டறை. மேசையிலும் தரையிலும் அவருடைய புருவத்திலும் பிளாஸ்டர் தூள். அலமாரியில் வரிசை வரிசையாகத் தாடைகள், எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருக்கும். பல்லின் வெள்ளையில் பதினாறு வகையை மனிதர் கண்ணாலேயே பிரித்துவிடுவார். தொழிலில் சூரர். பேச்சில் மகா கஞ்சன். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே காத தூரம் ஓடுவார்.

பெரியவள் எத்தனையோ தடவை டிக்கெட் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் கடன்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சரி, சொந்தக் காசில் போகலாம் என்று சின்னவள் சேர்க்க ஆரம்பிக்கும்போதெல்லாம் பட்டறையில் ஏதாவது ஒரு மெஷின் வாயைப் பிளந்துவிடும். ஒன்பது வருடம் இப்படியே ஓடிப்போயிற்று.

அப்போதுதான் கிரெடிட் கார்டு வந்தது. கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் சின்னவளைப் பிடித்துக்கொண்டாள். கார்டு வாங்கிய முதல் தொண்ணூறு நாளில் நாற்பதாயிரம் செலவழித்தால், எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போகவர இரண்டு விமான டிக்கெட் இலவசம். இலவசம் என்றால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை. சின்னவள் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அன்று மாலையே அக்காவிடம் உளறியும் வைத்தாள். பெரியவள் அந்த வாரமே ஓர் அறையை ஒழித்து, சுவருக்கு மஞ்சள் வர்ணம் அடித்து, இரண்டு தலையணையைப் போட்டுப் படமெடுத்து அனுப்பிவிட்டாள்.

ஆனால் நாற்பதாயிரத்தை எதில் செலவழிப்பது? மளிகை, சோப்பு, ஒரு ஜோடிச் செருப்பு என்று அந்த வீட்டில் மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் போனால் பெரிய விஷயம். இதில் பல்லுக்காரர் செய்த கூத்து வேறு. சின்னவள் கார்டைத் தேய்த்தாள் என்று தெரிந்தால் போதும், அன்றைக்கே வங்கிக்கு நடந்து போய், கவுன்டரில் ரொக்கமாக அந்தத் தொகையைக் கட்டிவிட்டு வருவார். இருநூறு ரூபாயோ என்னவோ, சின்னத் தொகைதான் என்றாலும் விடமாட்டார். ஒரு மாதம் தவணை இருக்கிறது என்று சின்னவள் தலைதலையாய் அடித்துக்கொண்டாள்.

"கடனை வச்சுக்கிட்டுப் படுத்தா எனக்குப் பல்லு கூசுது" என்றார் அவர்.

கவுன்டர் பெண்ணுக்கு அவர் முகம் மனப்பாடம் ஆகிவிட்டது. வருடா வருடம் வருமான வரியையும் அதே கவுன்டரில் ரொக்கமாகக் கட்டுகிற ஆள் அவர். ஒவ்வொரு பல் செட்டுக்கும் பணம் வந்தவுடன் வரிக்கென்று ஒரு பங்கைப் பிளாஸ்டர் டின்னில் போட்டு மூடிவிடுவார். அதில் சின்னவளும் கை வைக்கக்கூடாது, அவரும் வைக்கமாட்டார்.

கார்டின் ஆப்பில் ஒரு பச்சைக் கோடு உண்டு. செலவு ஏற ஏறக் கோடு நீளும். எண்பத்தொன்பது நாள் முடிந்தபோது அது நாலாயிரத்து நூறில் நின்றது. பத்தில் ஒரு பங்கு. மஞ்சள் அறையைப் பற்றி அக்கா பேச்செடுக்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று சொல்லி சின்னவள் போனை வைக்க ஆரம்பித்திருந்தாள்.

தொண்ணூறாவது நாள் விடிந்தது. வரி கட்டவும் அதுவே கடைசி நாள். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர்களுடைய ஆடிட்டர் எந்த வருடமும் கடைசி நாளுக்கு முன்னால் கணக்கை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. பத்தரை மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது. ஒரு பெரிய முதியோர் இல்லத்துக்கு மொத்தமாகப் பல் செட் செய்து கொடுத்திருந்ததால் அந்த வருடம் வரி எகிறியிருந்தது. முப்பத்தாறாயிரத்து நானூற்று எண்பது. கட்டுவதற்கான எண்ணையும் இணையப் பக்கத்தின் முகவரியையும் கீழே கொடுத்திருந்தார்.

ஐயோ இவ்வளவா என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் சின்னவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எப்படிக் கட்ட விரும்புகிறீர்கள் என்று அது கேட்டது. கீழே மூன்று வட்டம். மூன்றாவது வட்டத்துக்குப் பக்கத்தில் கிரெடிட் கார்டு என்று எழுதியிருந்தது.

அவள் அதை மூன்று தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவை படித்தாள். கார்டில் கட்டினால் நூற்றுக்கு ஒன்றரை வீதம் கட்டணம் என்றது பக்கம். அதாவது ஐந்நூற்று நாற்பத்தேழு சொச்சம். வரியையும் ஏற்கெனவே செலவழித்த நாலாயிரத்து நூறையும் கூட்டிப் பார்த்தாள். நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஆடிட்டர் மட்டும் எதிரே இருந்திருந்தால் அந்தச் சோம்பேறி மனிதரைக் கட்டிப்பிடித்திருப்பாள். இரண்டிரண்டு படியாகத் தாவிப் பட்டறைக்கு இறங்கினாள்.

பல்லுக்காரர் மெருகு போடும் சக்கரத்தில் ஒரு மேல்தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சின்னவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் சக்கரத்தை நிறுத்தினார்.

"வரி கட்டுறதுக்கு ஒரு கூலியா?"

"ஐநூத்தி நாப்பத்தேழுதாங்க. ரெண்டு டிக்கெட் என்ன விலைன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப மொத்தம் முப்பத்தேழாயிரத்து இருபத்தேழு. அவ்வளவும் கடனா நிக்கும். எத்தனை நாளைக்கு?"

"ஒரு மாசம். டின்லதான் பணம் இருக்கே. பில்லு வந்ததும் கட்டிட்டாப் போச்சு."

"ஒரு மாசம்" என்றார் பல்லுக்காரர். முகம் பிளாஸ்டர் நிறத்துக்குப் போயிற்று. தாடையை மேசையில் வைத்துவிட்டு "ம்" என்றார்.

பல்லில் பதினாறு வெள்ளை என்றால் அவருடைய "ம்" அதைவிட அதிக வகை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் சின்னவள் அவற்றைத் தரம் பிரிக்கக் கற்றிருந்தாள். இது சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். உடனே உட்கார்ந்து கட்டியிருந்தால் விஷயம் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய மூன்று செட் பொட்டலம் கட்டாமல் கிடந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சு வைத்து, பெட்டியில் அடைத்து, வைத்தியர் பெயர் ஒட்டி, பில் போட்டு, அவரை அனுப்பிவிட்டு, சாப்பிட்டேன் என்று பெயர் பண்ணிவிட்டு அவள் மேசை முன் உட்கார்ந்தபோது மணி ஒன்றரை.

கார்டு எண்ணைப் போட்டாள். பின்னால் இருக்கும் மூன்று எண்ணையும் போட்டாள். வாயெல்லாம் பல்லாகப் பொத்தானை அழுத்தினாள். திரை சுற்றியது, சுற்றியது, சிவந்தது. கார்டின் வரம்பு போதவில்லை.

வரம்பு என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கார்டோடு வந்த தாளில் நிச்சயம் எழுதியிருக்கும். அந்தத் தாளைத்தான் பல்லுக்காரர் வந்த அன்றே மேசையில் விரித்து அதன்மேல் பிளாஸ்டர் குழைத்துவிட்டாரே. கார்டு கம்பெனிக்கு போன் போட்டாள். வரம்பு இருபத்தையாயிரம் என்றது மறுமுனைக் குரல். உயர்த்தலாம், மூன்று வேலை நாள் ஆகும். மூன்று வேலை நாளைக் கொண்டுபோய் என் தலையில் கட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வேறு வழியே கிடையாதா அம்மா என்று கேட்டாள் சின்னவள். குரல் சற்று இரங்கியது. வங்கிக் கவுன்டரில் ரொக்கமாகப் பணத்தை முன்கூட்டியே கார்டில் போட்டால் அது உடனே ஏறிவிடும், வரம்போடு அந்தப் பணத்தையும் சேர்த்துச் செலவழிக்கலாம். ஆனால் கவுன்டர் மூன்று மணிக்கு மூடிவிடும்.

மணி இரண்டு பத்து. ரொக்கத்துக்கு என்ன குறை? சின்னவள் பட்டறைக்குப் பறந்தாள். அலமாரியின் அடித்தட்டில் இருந்த பிளாஸ்டர் டின்னை இழுத்துத் திறந்தாள். டின் காலி.

திரும்பிப் பார்த்தாள். ஆணியில் அவருடைய ஏப்ரன் தொங்கியது. வெளியே போட்டுக்கொண்டு போகும் செருப்பைக் காணோம். போன் பண்ணினாள், மெழுகுக் கட்டிகளுக்கு அடியிலிருந்து அவருடைய போன் சிணுங்கியது.

அவளுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. ஒரு மாதக் கடன் என்று கேட்டவுடன் மனிதருக்குப் பல் கூச ஆரம்பித்திருக்கும். டின்னைக் கவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல வரியைக் கவுன்டரில் கட்டிவிடக் கிளம்பியிருப்பார். கட்டிவிட்டால் தீர்ந்தது. ஒரே வரியை இரண்டு தடவை யார் கட்டுவார்கள்? மஞ்சள் அறையும் போச்சு, இரண்டு தலையணையும் போச்சு.

சின்னவள் ஓடினாள். ஐம்பது வயதில் பெண்கள் தெருவில் ஓடுவதில்லை என்பதால் பார்த்தவர்களெல்லாம் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று வழிவிட்டார்கள். செருப்புத் தைக்கிறவர் என்னம்மா என்று எழுந்தே நின்றுவிட்டார். சிக்னலில் சிவப்பு. அவளுக்கு அந்த விளக்கின் மேலேயே கோபம் வந்தது. பெட்டிக்கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். அது அக்காவின் முகமாகவும் இருந்ததுதான் அவளால் தாங்க முடியவில்லை. விளக்கு மாறுவதற்குள் பாதித் தெருவைக் கடந்துவிட்டாள்.

வங்கிப் படியை அவள் மிதித்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு பல்லுக்காரர் வெளியே வந்தார். கையில் ரசீது. பல் கூச்சம் நீங்கிய முகம்.

"கட்டிட்டேன்" என்றார்.

சின்னவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். முதலில் மூச்சு வரவில்லை. மூச்சு வந்ததும் வார்த்தை வந்தது. இருபத்தாறு வருடத்தில் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் வந்தது. அக்கா அனுப்புகிறேன் என்ற டிக்கெட்டை வேண்டாம் என்றது, ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றது, மெஷினுக்கு இருந்த பணம் தனக்கு இல்லாமல் போனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். வங்கிக்குள் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"ஒரே ஒரு ராத்திரி எனக்காகப் பல்லு கூசினா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பல்லுக்காரர் திருதிருவென்று விழித்தார். அவள் அழுவது தெரிந்தது, எதற்கென்றுதான் தெரியவில்லை. ரசீதை அவளிடம் நீட்டினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். வரி ரசீது நீலமாக இருக்கும். இது வெள்ளை. அவளுடைய கார்டின் கடைசி நாலு எண். முப்பத்தேழாயிரத்து இருபத்தேழு, ரொக்கம்.

"இது என்னங்க?"

"கார்டு கடன்" என்றார். "நீ மத்தியானம் கடன் வாங்குவே. நான் அதுக்கு முன்னாடியே வந்து அடைச்சிட்டேன். அந்தக் கவுன்டர்ப் பொண்ணு பாக்கியே இல்லையே சார்னு சிரிக்குது. பாக்கி வரப்போகுதும்மா, முதல்ல வாங்கிக்கோன்னு சொன்னேன். மூணு தடவை கேட்டுட்டுத்தான் வாங்குச்சு."

சின்னவள் ரசீதையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். வரம்பு என்றால் என்னவென்று இந்த மனிதருக்குத் தெரியாது. முன்கூட்டியே பணம் போடலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வாங்காத கடனை ஓடி வந்து அடைக்கிற பைத்தியக்காரத்தனம் உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தோன்றும். அந்தப் பைத்தியக்காரத்தனத்தால் இப்போது கார்டில் வரம்பு இருபத்தையாயிரமும், அதற்குமேல் இந்த முப்பத்தேழாயிரமும் இருந்தன. அதிலும் அந்த இருபத்தேழு. கூலியா என்று முகம் சுளித்த மனிதர், அந்தக் கூலியையும் சேர்த்து எண்ணிக் கட்டியிருந்தார்.

அவள் போனைத் திறந்தாள். அதே பக்கம், அதே மூன்றாவது வட்டம். எண்களைப் போட்டாள். ரகசிய எண் வந்தது, அதையும் போட்டாள். திரை சுற்றத் தொடங்கியதும் தன்னையறியாமல் அவருடைய பிளாஸ்டர் படிந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் படியில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒரு சின்னத் திரையை வெறித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை வந்தது. வரி செலுத்தப்பட்டது. ஆப்பைத் திறந்தாள். மூன்று மாதமாக ஓரத்தில் முடங்கிக் கிடந்த கோடு அவள் கண்ணெதிரே இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. இரண்டு டிக்கெட்.

சின்னவள் ஒரு சத்தம் போட்டாள். சிரிப்பென்றும் சொல்ல முடியாது, அழுகையென்றும் சொல்ல முடியாது. காவலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவள் அங்கேயே அக்காவுக்கு போன் போட்டாள். அங்கே என்ன நேரம், தூங்குவாளா என்றெல்லாம் யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. முதல் மணியிலேயே பெரியவள் எடுத்தாள்.

"வரேன்டி" என்றாள் சின்னவள்.

மறுமுனையில் நெடுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "பிறந்தப்ப பதினோரு நிமிஷம் லேட்டு. இப்ப ஒன்பது வருஷம் லேட்டு" என்றாள் பெரியவள் கடைசியில். "வந்து சேரு, வச்சுக்கறேன் உன்னை."

இதற்குள் பல்லுக்காரர் மனைவியின் மடியில் கிடந்த போன் திரையைத் தலைசாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அக்கா பேசியதெல்லாம் அவர் காதிலும் விழுந்தது. கார்டு கம்பெனியிலிருந்து வந்திருந்த செய்தியைப் படித்ததும் அவர் முகம் மாறியது. வரிக்காகப் பிடித்த தொகை மொத்தம் முப்பத்தேழாயிரத்து இருபத்தேழு, புள்ளி வைத்து இருபது காசு என்றிருந்தது.

"நீ ஐநூத்தி நாப்பத்தேழுன்னுதானே சொன்னே" என்றார். "இருபது காசு பாக்கி நிக்குது."

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனார். மூடும் நேரம் என்பதால் கவுன்டரில் நாலு பேர் நின்றார்கள். அவர் ஐந்தாவதாகப் போய் நின்று, சில்லறைக்காகப் பையைத் துழாவினார். கவுன்டர் பெண் நிமிர்ந்து அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் எங்கேடி என்று பெரியவள் கேட்டாள். கார்டுக் கடனைக் கட்ட வரிசையில் நிற்கிறார் என்றாள் சின்னவள். எவ்வளவு என்றாள் அக்கா. இருபது காசு என்றாள் தங்கை. மறுமுனையில் பெரியவள் கட்டிலே அதிரும்படி சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, மூச்சு வாங்கி, "அந்த ரெண்டாவது டிக்கெட்டுல அவரையும் கூட்டிட்டு வா" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வரிசை ஓர் ஆள் நகர்ந்தது. இதே வரிசையிலிருந்து இழுத்து வரத்தான் அவள் தெருவெல்லாம் ஓடி வந்தாள். கார்டு வந்த நாளிலிருந்து அவர் வங்கிக்குக் கிளம்பும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது இருபது காசுக்காகக் கால்கடுக்க நிற்கிற அந்த முதுகைப் பார்க்க அவளுக்கு எரிச்சலே வரவில்லை. படியிலேயே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, அவர் அடைத்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்தாள்.